கிணற்று நீச்சலை நம்பிக் கடலில் இறங்காதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். வாய்க்காலில் தண்ணி வந்துவிட்டது. மஞ்சளுக்குக் களை வெட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. காலாண்டு லீவுக்குப் பசங்களோடு திருச்செந்தூர், கன்னியாகுமரி போகிறாய், சரி. "ரெண்டு பேரும் கிணற்றில் நல்லா நீந்துவாங்க, பயமில்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயம்.

கிணற்றில் நாலு வீச்சு வீசினால் படிக்கல் கைக்கு எட்டிவிடும். கடலில் ஆளைக் கொல்வது ஆழமல்ல, இழுவை. அலை கரையில் கொட்டுகிற தண்ணி, மணல்திட்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் சேர்ந்து, மதகு திறந்த மாதிரி கடலுக்குள் ஓடும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவில் மட்டும் உடையாது. நிறம் கறுத்தோ மணல் கலங்கியோ இருக்கும், நுரை கடலைப் பார்த்துப் போகும். "இங்கே அலையே இல்லை" என்று சனம் இறங்குவதும் அங்கேதான். இறங்குமுன் மேட்டில் நின்று பத்து நிமிசம் பார்.

மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. நொடிக்கு 2 மீட்டர் வரைகூட இழுக்கும், பழகினவனுக்கே கை ஓய்ந்துவிடும். ஆனால் அது அடியில் அமுக்காது. மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி ஆட்டச் சொல். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் அலையோடு கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பசங்களிடம் மணலில் கோடு போட்டுக் காட்டு.

லாரி டியூப் வேண்டாம். காலையில் தரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசினால், ஆளோடு சேர்த்துக் கொண்டுபோய்விடும். தங்கச்சி சேலையோடு முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். நனைந்த சேலை காலைச் சுற்றும். கன்னியாகுமரிப் பாறைகளில் பாசி வழுக்கும், போட்டோவுக்காகக்கூட ஏறாதீர்கள்.

வானம் தெளிவாக இருந்தும் திடீரென்று பேரலை வரும், கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலை அது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் கடலில் மூழ்கி இறந்தது அந்தக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். கிளம்பும் அன்று எச்சரிக்கை இருக்கிறதா என்று பார், மீனவர்களிடமும் கேள்.

யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதே. காப்பாற்றப் போனவனும் சேர்ந்து மூழ்கிப் போவது உண்டு. மூடி இறுக்கின காலி கேனைக் கயிற்றில் கட்டி வீசு, 108-ஐக் கூப்பிடு. வெளியே எடுத்த ஆளைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் வேண்டவே வேண்டாம். மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து 5 தடவை ஊது. அப்புறம் நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. இறங்கும்படி 30 அமுக்கு, 2 ஊதல், ஆம்புலன்ஸ் வரும்வரை.

கேனை நீயே எடுத்துக்கொள். இருபது மீட்டர் நைலான் கயிறு தோட்டத்துச் சாளையில் கிடக்கிறது. என்றைக்குக் கிளம்புகிறாய் என்று எழுது, பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்