எச்-1பி: அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வெளிநாட்டுத் திறனாளர்களை அமெரிக்கக் கம்பெனிகள் தற்காலிகமாக வேலைக்கு எடுக்க உதவும் எச்-1பி விசா என்றாலே உங்கள் அவையில் எண்ணிக்கையைப் பற்றித்தான் சண்டை. 1990-இல் ஆண்டுக்கு 65,000 என்று வைத்தீர்கள். பிறகு 1,95,000 வரை ஏற்றி, 2004-இல் பழையபடி இறக்கினீர்கள். அமெரிக்காவில் முதுநிலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. சரி, வந்து சேர்ந்த ஆள் எந்த நிலையில் வேலை பார்க்கிறார்? நானும் எச்-1பி-யில் இருந்துகொண்டு கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வரிசையில் நிற்கிறவன்தான், சொல்கிறேன்.

கம்பெனி மாறச் சட்டத்தில் தடையில்லை. ஆனால் புதிய கம்பெனி மறுபடி மனு போட வேண்டும். கிரீன் கார்டு நடைமுறையையும் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய கிரீன் கார்டு மனு ஒப்புதலாகியிருந்தால் வரிசையில் பிடித்த தேதியாவது மிஞ்சும். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இப்படி இருப்பவர் மேலாளரிடம் போய்ச் சம்பள உயர்வு கேட்பாரா?

அந்த வரிசையும் லேசில் நகராது. வேலை வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள்; ஒரு நாட்டுக்கு 7 சதவீதம். இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு! சிறு பிள்ளையாகக் கூட வந்தவர், காத்திருப்பிலேயே 21 வயதாகி, பெற்றோரின் மனுவிலிருந்து கழன்றுவிடுகிறார்.

உங்கள் தொகுதியில் வேலை இழந்தவரின் கோபத்தை நான் தள்ளிவிடவில்லை. எச்-1பி சம்பளத்துக்குக் குறைந்தபட்ச வரம்பாக நான்கு படிநிலைகள் இருக்கின்றன. முதல் படி 17-ஆவது சதமானம். அதாவது, அந்த வட்டாரத்தில் அதே வேலை செய்யும் நூறு பேரில் ஏறக்குறைய 83 பேர் அதைவிட அதிகம் வாங்குகிறார்கள். இரண்டாவது படியும் நடுச் சம்பளத்துக்குக் கீழேதான். குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்து, விட்டுப் போகவும் முடியாத ஆளோடு உள்ளூர்க்காரர் எப்படிப் போட்டி போடுவார்?

2025 செப்டம்பரில் அதிபர் அறிவித்த 1,00,000 டாலர் கட்டணம் இதில் எதையும் தொடவில்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவருக்கு அதைப் பெரிய கம்பெனி கட்டிவிடும். இல்லையென்றால் வேலையையே ஹைதராபாத்துக்கோ டொராண்டோவுக்கோ அனுப்பும், வரியும் கூடவே போகும். மருத்துவர் கிடைக்காத கிராமப்புற மருத்துவமனையால் நோயாளிகளை அப்படி அனுப்ப முடியுமா?

அந்தக் குறைந்தபட்சச் சம்பளப் படிநிலைகளை உயர்த்துங்கள். சிறு கம்பெனிகளுக்கும் படிப்பு முடித்துப் புதிதாக வருபவர்களுக்கும் அடி விழும், தெரியும். விண்ணப்பங்கள் அதிகமாகும்போது லாட்டரியில் ஆள் எடுப்பதைவிட அது பரவாயில்லை. ஒப்புதலான கிரீன் கார்டு மனுவைத் தொழிலாளியின் பெயரிலேயே விடுங்கள், கம்பெனி மாறினாலும் அது கூடவே போகட்டும். நாட்டு வரம்பை எடுங்கள். மற்ற நாட்டினர் கொஞ்சம் அதிகம் காத்திருக்க நேரும், அதையும் மறைக்காமல் பேசுங்கள். 2019-இல் பிரதிநிதிகள் சபை நாட்டு வரம்பை எடுக்கும் மசோதாவை 365-65 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. 2020 டிசம்பரில் செனட்டும் வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்காமல் காலாவதியாக விட்டுவிட்டீர்கள். அந்த மசோதாவிலிருந்தே மறுபடி தொடங்கலாம்.

இப்படிக்கு,
எச்-1பி விசாவில் இருக்கும் ஒரு மென்பொருள் பொறியாளன்