அந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிறுத்தி வை

அன்புள்ள கேப்டன்,

இத்தனை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. நீ எப்படி இருக்கிறாய் என்பதை நெட்டையனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. திடீரென்று கடிதம் வந்ததே என்று ஆசையாகப் பிரித்தால், ‘நலமா’ என்று ஒரு சொல், அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கத்துக்குச் சைக்கிள் உதிரிபாகப் பட்டியல். சரி, சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் என்னைவிட உயரமாகிவிட்டாள். அம்மாவின் முட்டி வலி குறைந்திருக்கிறது. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

‘வாரக் கடைசியில் ஆர்டர் போட்டுவிடுவேன்’ என்று எழுதியிருக்கிறாய் பார், அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். போடாதே. இதைப் படித்து முடிக்கும்வரையாவது போடாதே.

எடை குறைந்த சக்கரங்கள், பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான 10 கியர் கேசட், அதற்கேற்றபடி கியர் மாற்ற ஹேண்டிலில் ஷிஃப்டர், செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டீரெய்லர், முன்னால் பெரிய பல்சக்கரம், செராமிக் பேரிங், சீட்டைத் தாங்கும் கார்பன் சீட் போஸ்ட். ‘நோட்டு, கணக்குப் போட்டுச் சொல், இதெல்லாம் மாற்றினால் எவ்வளவு வேகம் கூடும்?’ என்று கேட்டிருக்கிறாய். போட்டேன். சமதளத்தில் ஏறக்குறைய ஒன்றும் கூடாது. நீ அந்தப் பட்டியலை எவ்வளவு ஆசையோடு எழுதியிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் காரணத்தையும் முழுதாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ, சைக்கிள், கேரியர், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொள். காற்றில்லாத நாள், மேடு பள்ளமில்லாத ரோடு, மணிக்கு 25 கிலோமீட்டர். உன் ஹைப்ரிட்டில், அதாவது ரோடு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த இந்த வண்டியில், நிமிர்ந்து உட்கார்ந்து இந்த வேகத்தில் போக உன் கால்கள் சுமார் 150 வாட் கொடுக்க வேண்டும். அதில் 100 வாட் காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். மிச்சம் 50-ஐ டயர்கள் தின்றுவிடும். செயினிலும் பேரிங்கிலும் போகிற சில வாட்டுகளை இப்போதைக்கு விட்டுவிடு. காற்றும் டயரும்தான் உன் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. உன் பட்டியலில் இந்த இரண்டையும் தொடுகிற பொருள் ஒன்றுகூட இல்லையே, கேப்டன்!

இன்னொன்றையும் பார். வேகம் கூடக்கூட, காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 25-இலிருந்து 30-க்குப் போக வேண்டுமென்றால், அந்த 150 வாட் 230-ஆக வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மடங்கு கால். 28-க்கு மேல் சைக்கிள் ஒரு சுவரில் முட்டி நிற்பதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அங்கே சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை.

இனி பட்டியலுக்கு வருகிறேன். சக்கரம், சீட் போஸ்ட், மற்றதெல்லாம் மாற்றி 2 கிலோ குறைக்கிறாய் என்று வைத்துக்கொண்டேன். சமதளத்தில் அதனால் மிச்சமாவது ஒரு வாட். ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டினால், பழைய சைக்கிளைவிட 80 மீட்டர் முன்னால் இருப்பாய். மேட்டில் நிலைமை கொஞ்சம் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன்: 5 கிலோமீட்டர் நீளத்துக்கு 6 சதவீத ஏற்றம் என்றால், 200 வாட் கொடுத்து ஏறினால் 26 நிமிடத்துக்கு மேல் ஆகும். 2 கிலோ குறைந்தால் அதில் அரை நிமிடம் மிச்சம். ஆனால் நீ போகிற ரோட்டில் மேடே இல்லை என்று நீதான் போன தடவை குறைபட்டுக்கொண்டாய். ரிம்மில் இருக்கும் எடை சுழலும் எடை, அது இரண்டு மடங்கு கணக்கு என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வேகமெடுக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் அது சரி. சீரான வேகத்தில் போகும்போது சுழலும் எடைக்குத் தனியாக எந்த அபராதமும் கிடையாது.

பெரிய பல்சக்கரம் எதற்கு? உன் சைக்கிளில் ஏற்கெனவே முன்னால் 48 பல், பின்னால் சின்னது 11. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் அந்தக் கியரில் மணிக்கு 51 கிலோமீட்டர் போகும். அந்தக் கியரை நீ எப்போதாவது மிதித்துத் தீர்த்திருக்கிறாயா? 48-க்கு 14 கியரிலேயே 40 கிலோமீட்டர் வரும். உனக்குக் கியர் போதவில்லை என்பது வெறும் பிரமை.

8 கியரை 10 ஆக்குவதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். பற்களுக்கு நடுவே இடைவெளி குறையும், காலுக்கு ஏற்ற சுற்றை எளிதாகப் பிடிக்கலாம், மாற்றும்போது கை சொன்னதைக் கியர் கேட்கும். ஆனால் கேசட், செயின், ஷிஃப்டர், டீரெய்லர் நான்கையும் ஒன்றாக மாற்றியாக வேண்டும். அதிலும் ஷிமானோவின் 10 கியரில் ரோடு வகை ஷிஃப்டரும் மலை சைக்கிள் டீரெய்லரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, கம்பியை இழுக்கும் அளவு வேறு. இவ்வளவும் செய்த பிறகு வேகமானி அதே எண்ணைத்தான் காட்டும். செராமிக் பேரிங்கும் அதே கதைதான். நல்ல நிலையில் இருக்கும் எஃகு பேரிங்கைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் ஒரு வாட்கூடத் தேறாது. அதைவிட உன் செயினைத் துடைத்து எண்ணெய் போடு. வாத்தியார் பார்த்தால் அந்தச் செயினுக்காகவே உன்னை முட்டி போட வைப்பார். 0.75 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றிவிடு, இல்லாவிட்டால் கேசட்டையும் சேர்த்து அரித்துவிடும்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கோபமே அதன் மேல்தான். ஒரு கிலோவுக்கு மேல் சும்மா சுமக்கிறாய், எழுந்து நின்று மிதித்தால் அது உட்கார்ந்து எழுகிறது. பூட்டும் பொத்தான் இருந்தால் நல்ல ரோட்டில் பூட்டியே வை. கழற்றிவிட்டுக் கடினமான ஃபோர்க் போடலாம் என்று தோன்றினால், பழையதன் உயரத்தை அளந்து அதற்குச் சமமானதாகப் பார்த்து வாங்கு. குட்டையானதைப் போட்டால் முன்பக்கம் தாழ்ந்து ஹேண்டில் பதறும். இதுவும் வேகத்துக்காக அல்ல, எரிச்சல் தீர்வதற்காக.

இப்போது டயர். இதைச் சொல்லத்தான் முதலிலிருந்தே கை துறுதுறுக்கிறது.

நீ போட்டிருப்பது ஷ்வால்பே மாரத்தான் பிளஸ். பஞ்சரே ஆகாது என்று நீ பெருமைப்படுவது நியாயம்தான், உள்ளே 5 மில்லிமீட்டர் தடிமனில் காப்பு ரப்பர் இருக்கிறதே. அந்த ரப்பர்தான் உன் காலையும் தின்கிறது. சக்கரம் ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் டயர் தரையில் அமுங்கி, மறுபடி நிமிர்கிறது. அமுக்கக் கொடுத்த சக்தி முழுதும் திரும்பி வருவதில்லை, ஒரு பகுதி சூடாகிப் போய்விடுகிறது. ரப்பர் எவ்வளவு தடிமனோ, பக்கச்சுவர் எவ்வளவு விறைப்போ, அவ்வளவு இழப்பு. உன் டயருக்கு உருளும் தடைக் குணகம் (எடையில் எத்தனை பங்கு தடையாகிறது என்ற எண்) 0.008 என்று வைத்துத்தான் அந்த 50 வாட் கணக்கைப் போட்டேன். மெல்லிய, வளைந்து கொடுக்கும் டயரில் அது 0.005 அளவுக்கு இறங்கும். அப்போது 50 வாட் 31 ஆகிவிடும். அதே காலில், அதே மூச்சில், 25 என்பது 26.3 ஆகும். உன் பட்டியல் முழுவதையும் வாங்கினாலும் இதில் பத்தில் ஒரு பங்கு வராது!

நான் போன மாதம் இங்கே மாற்றிப் போட்டேன், காண்டினென்டல் ஜிபி 5000, 32 மில்லிமீட்டர் அகலம். பாலத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சரிவில், பெடலைத் தொடாமல் விட்டுப் பார்த்தேன். பழைய டயரில் வண்டி தானாக நிற்கும் இடத்தைத் தாண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பெரியவளைப் பிடித்து உட்காரவைத்து அவளையும் உருளவிட்டேன். ‘அப்பா, இது நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்றாள். எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. பஞ்சர் கூடுதலாக ஆகும், அதை மறைக்கவில்லை. ஒரு மாற்று ட்யூபும் சின்ன பம்பும் பையில் இருக்கட்டும்.

அகலம் குறைந்த டயர்தான் வேகம் என்று 23, 25 என்று தேடிப் போகாதே. ஒரே அழுத்தத்தில் அகலமான டயர்தான் எளிதாக உருளும். காற்றையும் கல்லுபோல அடிக்காதே. சொரசொரப்பான ரோட்டில் அதிக அழுத்தம் என்றால், வண்டியும் நீயும் குதித்துக் குதித்தே சக்தி வீணாகும். உன் எடைக்கு 32-இல் 60, 65 பிஎஸ்ஐ-யில் தொடங்கிப் பார்.

அடுத்தது காற்று. அந்த 100 வாட்டில் பெரும்பங்கு உன் உடம்பு தள்ளும் காற்றுக்குத்தான், சைக்கிளுக்கு அல்ல. கிறிஸ் போர்டுமேன் என்ற இங்கிலாந்துக்காரரைப் பார். 1996-இல் மான்செஸ்டர் ஓடுகளத்தில், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் படுத்தமாதிரி ஓட்டி, ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் போனார். பிறகு அந்த நிலையைத் தடை செய்து, பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸ் காலத்துச் சைக்கிளில்தான் சாதனை செய்ய வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 2000-இல் அதே ஆள், அதே களத்தில், வளைந்த பழைய ஹேண்டிலைப் பிடித்து ஓட்டிய தூரம் 49.441 கிலோமீட்டர். 1972-இல் மெர்க்ஸ் போனதைவிடப் பத்தே மீட்டர் அதிகம்! நான்கு ஆண்டில் ஆளும் கொஞ்சம் மாறியிருப்பார்தான், ஆனாலும் ஏழு கிலோமீட்டர் வித்தியாசத்தில் பெரும்பகுதி அவர் உட்கார்ந்த விதத்திலும் காற்றைக் கிழிக்கும் வடிவத்திலும் இருந்தது.

நீ சூப்பர்மேன்போல நீட்ட வேண்டாம். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குக் கீழே இருக்கும் வளையங்களை எடுத்து மேலே போடு, ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பு, ஹேண்டில் தாழும். ஹேண்டில்பார் 660 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறாய், உன் தோளுக்கு அது அதிகம். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி 580 அளவுக்குக் கொண்டுவா. முழங்கையை மடக்கி உள்ளே வைத்துக்கொள். படபடக்கும் அந்தச் சட்டையைத் தயவுசெய்து வீட்டில் விட்டுவிட்டுப் போ. இவற்றால் காற்றுத்தடை ஆறில் ஒரு பங்கு குறைந்தால் போதும். டயரும் சேர்ந்தால், அதே 150 வாட்டில் 27.8 கிலோமீட்டர் போவாய். இரண்டே முக்கால் கிலோமீட்டர், அதில் காசு கொடுத்து வாங்கியது டயர் மட்டும். முதுகு வலித்தால் ஒரு வளையத்தைத் திரும்பக் கீழே போட்டுவிடு. வலியோடு குனிந்து பயனில்லை.

ரோடு சைக்கிளில் இருப்பதுபோல் கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டில் போடலாமா என்று அடிக்குறிப்பில் கேட்டிருந்தாய். வேண்டாம். ஹைப்ரிட் ஃபிரேமே நேர் ஹேண்டிலுக்காக நீளமாகச் செய்தது, டிராப் போட்டால் எட்டிப் பிடிக்கவே தோள் நோகும். உன் ஹைட்ராலிக் பிரேக் லீவரும் அதில் ஏறாது, பிரேக்கிலிருந்து ஷிஃப்டர்வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். அவ்வளவு ஆசை இருந்தால் பழைய ரோடு சைக்கிள் ஒன்றைத் தனியாகப் பார்ப்போம், நான் வந்து தேடித் தருகிறேன்.

கேப்டன், பட்டியலுக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய். ‘எல்லோரும் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு நான் பழைய ஆள் இல்லை’ என்று. மற்றதையெல்லாம் ஒரு தடவை படித்தேன், அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்கள் எல்லோரும் ரோடு சைக்கிளில் குனிந்து, ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். பின்னால் ஒட்டி வருபவனுக்கு ஏறத்தாழ கால் பங்கு உழைப்பு குறையும். நீ ஒரு வளைவில் பத்து மீட்டர் பின்தங்கினால் அந்தக் காப்பு போய்விடும், அப்புறம் அத்தனை காற்றையும் நிமிர்ந்த உடம்போடு தனியாகத் தள்ளுகிறாய். அதைப் பார்த்துவிட்டு உடம்பு போய்விட்டது என்று நீயாக முடிவு கட்டாதே. படிக்கட்டு ஏறவே டாக்டரைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நீ. இன்று 28-இல் போகிறாய். எனக்கு இதைவிடப் பெரிய செய்தி இந்த ஆண்டில் வரவில்லை. ஆனால் அவர்களைத் துரத்திக்கொண்டு நெஞ்சு படபடக்க மிதிக்கிறாயோ என்று பயமாகவும் இருக்கிறது. எந்த அளவு இதயத்துடிப்புவரை போகலாம் என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டாயா? டீச்சரிடம் கேட்டால் நீ எதையும் சொல்வதில்லை என்கிறார். அதை எனக்காவது எழுது.

ஆர்டர் போடும் முன் மூன்று அளவு மட்டும் வேண்டும். டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல ஓர் எண் இருக்கும், அதைப் பார்த்து எழுது. டயரைக் கழற்றி ரிம்மின் உள்ளகலத்தை மில்லிமீட்டரில் அள. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதையும் பார்த்துக்கொள். அனுப்பினால் அதற்குப் பொருந்துகிற டயரை நானே பார்த்துச் சொல்கிறேன். சின்னவருக்குப் பிறந்தநாள் வருகிறதே, அப்போது வருகிறேன், ஹேண்டிலை இருவரும் சேர்ந்தே வெட்டலாம். அதுவரை நீயாக ரம்பத்தை எடுக்காதே.

அன்புடன்,
நோட்டு