தீர்ப்பு நகலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்: மதுரை வக்கீல்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் குடும்ப வழக்கு நடத்தும் வக்கீல் ஐயாமாருக்கும் வக்கீல் அம்மாமாருக்கும் வணக்கம்.

வில்லாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்களில் ஒன்றிரண்டு பேருடைய கறுப்பு கவுனுக்குக் கிழிசல் தைத்துக் கொடுத்தவள்தான், அதனால் உங்களோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்ல முடியாது. 2011இல் எனக்கு விவாகரத்து ஆனது. ஆனது என்பது எனக்குத் தெரியும், என் தெருவுக்குத் தெரியும், எங்கள் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களுக்கு எனக்கு முன்பே தெரியும். ஆனால் 2024இல் ஒரு அலுவலகத்தில் "ஆனதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டபோது என் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

எதற்காகக் கேட்டார்கள் என்றால், நான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டேன். சோழவந்தான் பக்கத்துக்காரர், மனைவியை இழந்தவர். தமிழ்நாட்டில் 2009இல் வந்த சட்டப்படி எந்தக் கல்யாணத்தையும் பதிவு செய்தாக வேண்டும் இல்லையா, அதற்காகப் போனோம். அவர் பிளாஸ்டிக் கவரில் இருந்து அந்த அம்மாவின் இறப்புச் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார். என்னிடம் விவாகரத்து டிகிரியின், அதாவது கோர்ட்டுத் தீர்ப்பாணையின், நகல் கேட்டார்கள். "எல்லாம் வக்கீல் கிட்ட இருக்கு" என்றேன். அந்த வக்கீல் செத்து ஆறு வருஷம் ஆகிறது என்று அன்றைக்குச் சாயந்திரம்தான் தெரிந்தது.

வாய்தா வாய்தாவாக மூன்று வருஷம் நடந்த வழக்கு. ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டிவிட்டு, மாட்டுத்தாவணி பஸ் பிடித்து, மேலூர் ரோட்டில் கோர்ட்டு வாசலில் இறங்குவேன். முதல் தடவை கண்டக்டரிடம் "ஹைகோர்ட்டா, ஜில்லா கோர்ட்டா" என்று சொல்லத் தெரியாமல், 2004இல் திறந்த அந்தப் பெரிய ஹைகோர்ட் கிளை வரைக்கும் போய், யானைமலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இறங்க வேண்டியது ஜில்லா கோர்ட்டு என்ற இந்த ஒரு வரியைப் புதிதாக வருகிற கட்சிக்காரர் யாருக்கும் நீங்கள் சொல்வதில்லை, ஏன் என்று தெரியவில்லை. அத்தனை வாய்தாவுக்கும் கூப்பிட்ட நேரத்தில் நின்றிருக்கிறேன். கடைசி நாளன்று என் வக்கீல் வெளியே வந்து, "முடிஞ்சு போச்சும்மா, நல்லபடியா ஆர்டர் ஆயிருச்சு, போய்ட்டு வாங்க" என்றார். நானும் போய்விட்டேன். அவர் கெட்டவர் இல்லை. பீஸ் விஷயத்தில்கூட என்னை நெருக்கவில்லை. ஆனால் அந்த "போய்ட்டு வாங்க"வுக்கு முன்னால் ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை.

இந்து திருமணச் சட்டம் 1955இல் 23ஆம் பிரிவுக்கு 4ஆம் உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. விவாகரத்து டிகிரி ஆனால் அதன் ஒரு நகலை இரண்டு தரப்புக்கும் கோர்ட்டு காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 1976இல் சேர்த்தது. என்னைவிட வயதில் மூத்த சட்டம் அது, நான் பிறப்பதற்கு முன்னாலேயே எனக்காக எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் இந்தத் தேடலில் இறங்கிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும். கோர்ட்டில் கொடுத்திருக்கலாம், வக்கீல் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கலாம், அது கட்டோடு கட்டாக அவர் வீட்டுப் பரணில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். யார் கண்டது.

சரி, தேடின கதையைச் சொல்கிறேன், இது உங்களுக்கு உபயோகப்படும்.

முதலில் என் தம்பியை அனுப்பினேன். எனக்கு ஸ்கூல் யூனிபார்ம் சீசன், நகர முடியவில்லை. "நீங்க யாரு? வழக்குல நீங்க கட்சியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்குக் கோபம். எனக்கு யோசித்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் பட்டது. புருஷன் பெண்டாட்டி வழக்கைக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்றும், அதில் நடந்ததை அச்சடித்து வெளியிடக் கூடாது என்றும் அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. வெளியாள் நகல் கேட்டால் காரணத்தைச் சொல்லிப் பிரமாணப் பத்திரத்தோடு தனியாக மனுப் போட வேண்டும், அனுமதி கிடைத்தால்தான் உண்டு. தம்பி கேட்டதற்கே தூக்கிக் கொடுத்திருந்தால் நாளைக்குத் தெருமுனை டீக்கடைக்காரரும் போய் வாங்கிப் படிப்பார். பெண் பார்க்க வரும் வீட்டார் தரகரை விட்டுத் "தீர்ப்பை எடுத்துப் பாரு" என்று சொல்வதெல்லாம் அவ்வளவு சுலபத்தில் நடக்காது என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட.

அப்புறம் நானே போனேன். வழக்கு எண் கேட்டார்கள். இல்லை. வருஷம் கேட்டார்கள். 2008இல் போட்டது என்றேன். ஈகோர்ட்ஸ் என்ற கோர்ட்டு இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது போடுகிற வழக்குக்கெல்லாம் எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு இடத்தில், வழக்குக்கு ஒன்றாக, சி.என்.ஆர். எண் இருக்கிறது, அதை போனில் தட்டினால் அடுத்த வாய்தா என்றைக்கு என்பது வரை வந்துவிடுகிறது. என் பெயரைத் தட்டினால் என் பெயரில் மதுரை முழுக்க எத்தனை பேர் எத்தனை வழக்கில் இருக்கிறார்கள் என்பதுதான் வந்தது, நான் வரவில்லை. என் பெயர் அப்படி, வீட்டுக்கு ஒன்று.

கடைசியில் எண் எங்கே கிடைத்தது தெரியுமா? மணியார்டர் துண்டில். வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சம் மாதம் 1,500 ரூபாய் என்று உத்தரவு, என் பழைய வீட்டுக்காரர் மணியார்டரில் அனுப்புவார். கட்டியதற்கு அத்தாட்சி வேண்டும் என்று அவருடைய வக்கீல் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், செய்தி எழுதும் இடத்தில் ஒவ்வொரு மாதமும் வழக்கு எண்ணை மட்டும் எழுதியிருப்பார். மகனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஒரு வார்த்தை எழுதியதில்லை, அந்த ஹெச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு) எண்ணை ஒரு மாதம்கூட விட்டதில்லை. அந்தத் துண்டுகளை ஏனோ எறியாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். எதிர்க்கட்சி வக்கீல் ஐயா, நீங்கள் யாரோ, நன்றி. என் பக்கத்து வக்கீல் எனக்குச் சொல்லித் தராததை நீங்கள் உங்கள் கட்சிக்காரருக்குச் சொல்லித் தந்தீர்கள்.

அதோடு முடியவில்லை. அந்த எண் என் வழக்கின் எண் இல்லை. சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று அவர் தன் ஊர்க் கோர்ட்டில் 9ஆம் பிரிவில் முதலில் போட்ட மனுவின் எண். நான் அதற்குப் பிறகு, இருக்கிற ஊரிலேயே மனைவி வழக்குப் போடலாம் என்று 2003இல் சட்டத்தைத் திருத்தியதால், இங்கே மதுரையில் விவாகரத்துக்குப் போட்டேன். அவருடைய மனுவை ஹைகோர்ட் கிளையில் சொல்லி இங்கே மாற்றி வாங்கினார்கள், இங்கே அதற்குப் புது எண், இரண்டையும் சேர்த்து விசாரித்து ஒரே தீர்ப்பு. இத்தனையும் என் வாழ்க்கையில் நடந்தது, எனக்கே தெரியாமல் நடந்தது. அந்த ஊர்க் கோர்ட்டில் பதிவேட்டைப் புரட்டி, "மதுரைக்கு மாற்றப்பட்டது" என்ற வரியைக் காட்டினார் ஒரு ஊழியர், தேதியைக் குறித்துக் கொடுத்தார், டீ வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அந்தத் தேதியை வைத்து இங்கே புது எண்ணைப் பிடித்து, அதிலிருந்து என் எண்ணைப் பிடித்து, நகல் மனுப் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி, ரெக்கார்டு ரூமிலிருந்து கட்டு வரும் வரை காத்திருந்து, சான்றிட்ட நகல் கைக்கு வந்தபோது இரண்டு மாதமும் நாலு பயணமும் ஆகியிருந்தது. முதல் நாளே எண் கையில் இருந்திருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது.

நகலைப் படித்தேன். முதல் தடவையாக என் மனுவில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துகொண்டேன். இங்கிலீஷில் டைப் செய்து "இங்க இங்க கையெழுத்துப் போடுங்க" என்று பென்சிலில் பெருக்கல் குறி போட்டு நீட்டியதுதான் எனக்கு ஞாபகம். என் மகன் படித்துச் சொன்னான். என் மாமியார் என்னை அடித்தார் என்று ஒரு பாரா இருக்கிறது. அந்தக் கிழவி என்னை ஒரு நாளும் கை நீட்டியதில்லை, திட்டுவார், அதோடு சரி. கீழ்க் கோர்ட்டில் தமிழிலேயே மனுப் போடலாம், போடுகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். முடியாவிட்டால் கையெழுத்து வாங்கும் முன் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கிழவியின் பேரன் வாயால் அந்தப் பாராவைக் கேட்கும்படி ஆயிற்றே எனக்கு.

என் கடைக்கு இப்போது துணி தைக்க வருவதுபோலக் கோர்ட்டு விஷயம் கேட்க வருகிறார்கள். அதனால் சொல்கிறேன், ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் மனுப் போடவே பெரும்பாலும் முடியாது என்பது தெரியவில்லை. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவதென்றால் ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து சொல்ல வேண்டும், அந்த ஆறு மாதக் காத்திருப்பு வேண்டாம் என்று கோர்ட்டு நினைத்தால் விட்டுவிடலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பதெல்லாம் தெரியவில்லை. பெண்ணாக இருந்தால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம் என்பது சுத்தமாகத் தெரியவில்லை. இதை நீங்கள் சொன்னால் உங்கள் பிழைப்பு கெடும் என்று நினைக்காதீர்கள்.

இதைவிட மோசம், முத்திரைத்தாள். எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போகாமலே கல்யாணத்தை "அத்து விடுறது" என்று பஞ்சாயத்தில் பேசி, பத்திரத்தில் எழுதி, நோட்டரி சீல் குத்தி, ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் சாதியில் வழக்கம் என்று நிரூபித்தால் சட்டம் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வழக்கத்தை நிரூபிக்கிற பாடு கோர்ட்டில் வந்துதான் படவேண்டும். என் சொந்தத்தில் ஒருத்தி அந்தப் பத்திரத்தை நம்பி அடுத்த கல்யாணம் செய்து, அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு பென்ஷனுக்குப் போனபோது, "முதல் கல்யாணமே முடியலையேம்மா" என்று திருப்பி விட்டார்கள். அந்தப் பத்திரத்தை டைப் செய்து கொடுத்ததும் உங்களில் ஒருவர்தான்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஆர்டர் ஆன அன்றைக்கு ஒரு அரைத்தாளில், எந்தக் கோர்ட்டு, என்ன எண், எந்த வருஷம், சி.என்.ஆர். என்ன, அப்பீல் காலம் என்றைக்கு முடிகிறது, அதற்கு முன்னால் அடுத்த கல்யாணத்துக்கு நாள் குறிக்காதே என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். இலவச நகல் வந்ததும் போன் போட்டு வரச் சொல்லுங்கள். வழக்குக் காகிதக் கட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பீஸ் பாக்கி இருந்தாலும் கட்சிக்காரர் காகிதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாக்கியை வேறு வழியில் வாங்கிக்கொள்ளுங்கள், எங்களிடம் வாங்கத் தெரியாதவர்களா நீங்கள்.

கடைசியாக ஒன்று, இது என் சொந்த விஷயம். என் பழைய வக்கீலின் குமாஸ்தாவாக இருந்தவரோ, அவருடைய அலமாரியை எடுத்துக்கொண்டவரோ இதைப் படித்தால், 2008இல் நான் இரண்டு கல்யாணப் பத்திரிகையும் ஒரு ஜோடிப் போட்டோவும் கொடுத்தேன். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் சான்றாவணப் பட்டியலில் ஒரு பத்திரிகைதான் இருக்கிறது. இன்னொன்று உங்களிடம்தான் இருக்க வேண்டும். போட்டோவை நீங்களே கிழித்துப் போட்டுவிடுங்கள். பத்திரிகையை மட்டும் கொடுங்கள். என் அப்பா பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு காகிதத்தில்தான், வீட்டில் வேறு பிரதி இல்லை.