சண்டு வத்தலில் சாறு எடுக்க எரிசாராய அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
தலைவி மற்றும் உறுப்பினர்கள்,
மகளிர் சுயஉதவிக் குழு,
சாயல்குடி அருகில், கடலாடி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: கழிவாகும் மிளகாய் வத்தலில் இருந்து கிருமித் தடுப்புச் சாறு எடுக்க எரிசாராய அனுமதியும் ஆய்வக உதவியும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் குழுவில் பாதிப் பேர் முண்டு மிளகாய் போடுகிறவர்கள், மீதிப் பேர் மூக்கையூரில் மீன் வாங்கிக் கருவாடு காய வைக்கிறவர்கள். 2023-இல் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் அந்தப் பெருமையெல்லாம் நல்ல வத்தலுக்குத்தான். களத்தில் காயும்போது ஒரு மழை விழுந்தால் போதும், நிறம் வெளுத்துச் சண்டாகிவிடும். கமிஷன் கடையில் அதை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். அதற்கும் போகாததை வரப்போரம் கொட்டி எரிக்கிறோம். அன்றைக்குத் தெருவே இருமும்.

நிறம் போனாலும் காரம் முழுதாகப் போய்விடாது. காரத்துக்குக் காரணமான காப்சைசின், பலரும் நினைப்பதுபோல் விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் அதிகம். அது சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். எங்கள் கருவாடு கெடாமலிருக்க அது உதவுமா என்று பார்க்க நினைக்கிறோம். படகின் அடியில் கொட்டலசு என்ற ஓடுள்ள கடலுயிரி ஒட்டாமலிருக்கப் பெயிண்டில் கலந்தும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கடற்கரைக்கு இது எவ்வளவு தேவை என்பதைப் படகைக் கரையேற்றிச் சுரண்டுகிறவர்கள் சொல்வார்கள்.

நாங்களும் முயன்றோம். தண்ணீரில் கொதிக்க வைத்தோம். காப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. நல்லெண்ணெயில் ஊற வைத்தோம். காரம் நன்றாக இறங்கியது, ஆனால் சில மாதத்தில் சிக்கு வாடை வந்துவிட்டது. எரிசாராயத்தில் சுலபமாகக் கரையும், வடித்தால் சாராயமும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னதுமே ஓர் அலுவலகத்தில் எங்களை ஏற இறங்கப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். மிளகாய் ஊறிய சாராயத்தை யார் குடிப்பார்கள் ஐயா? இருந்தாலும் அவர்களுடைய கவலை நியாயமானதுதான்.

ஆகவே சாராயம் எங்கள் கைக்கே வர வேண்டாம். இராமநாதபுரத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் ஒரு மூலை ஒதுக்கி, மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதியோடு, அங்குள்ளவர்கள் கண்முன்னேயே சாறு எடுக்க வழி செய்யுங்கள். எடுத்த சாற்றில் காரம் எவ்வளவு, எந்தக் கிருமிக்கு எடுபடுகிறது என்று சோதிக்கத் தஞ்சாவூர் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதமும் வேண்டும். சோதனை முடியாமல் கருவாட்டில் ஒரு சொட்டுகூடத் தெளிக்க மாட்டோம்.

பூஞ்சை பிடித்த வத்தலை இதில் சேர்க்கப் போவதில்லை. அதில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கலாம். காம்பையும் ஒதுக்கிவிடுவோம், அதில் காரம் குறைவு.

தாங்கள் பார்ப்பதற்காகப் பூஞ்சை இல்லாத சண்டு வத்தல் இரண்டு கிலோ இம்மனுவோடு கொண்டு வந்திருக்கிறோம். பையைப் பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழுத் தலைவி மற்றும் உறுப்பினர்கள்
இடம்: சாயல்குடி