விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் மகள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களுக்கான அரசுத் திட்டங்கள் பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மகளிர் உரிமைத் தொகையையும் கட்டணமில்லாப் பஸ் பயணத்தையும் புதுமைப்பெண் திட்டத்தையும் பாராட்டியிருந்தீர்கள். பாராட்ட வேண்டியவைதான். மாதம் ஆயிரம் ரூபாய் கையில் வருவது என்னவென்று பீடி சுற்றிப் பிழைக்கும் என் தங்கையைக் கேட்டால் சொல்லுவாள். ஆனால் நிலத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதம்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு கோட்டை நெல் விதைக்கும் அளவுள்ள வயல், தாத்தா காலத்துப் பூர்வீகம். கார், பிசானம் என்று இரண்டு போகமும் நெல் விளையும். அப்பா தவறிய மறு வருடம், 2003-இல், என்னையும் தங்கையையும் அண்ணன் பத்திர அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் முன்பே எழுதித் தயாராக இருந்தது. "மேற்படி சொத்தில் இனி எனக்கு எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்ற வரியை எழுத்தர் வேகமாக வாசித்தார். "சம்மதந்தானேம்மா?" என்று அதிகாரி ஒரு முறை கேட்டார். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலையாட்டினோம். கட்டைவிரலில் ஒட்டிய மையைத் தங்கை தன் தலைமுடியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டாள். வரும் வழியில் ஆளுக்கொரு சேலை எடுத்துக் கொடுத்தார்கள்.

மகளுக்கும் மகனுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் போட்ட தீர்மானம் அறுபது வருடம் காத்திருந்து சட்டமானது. அதற்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. 2005-இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் அந்தக் குறையையும் போக்கியது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பிலேயே வந்தது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் இருவருக்கும் திருமணமானது 1989-க்குப் பிறகு. கையெழுத்துப் போட்ட அன்றே எங்களுக்குப் பங்கு இருந்தது. அதை எங்களுக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

"நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன?" என்று கேட்பார்கள். வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. சட்டம் தடுத்த ஒன்றைக் காட்டி, சட்டம் கொடுத்ததை வாங்கிக்கொள்வது எந்த நியாயம்? அந்த நகையும் மாப்பிள்ளை வீட்டுக் கடனுக்கு அடகுக்குப் போனதோடு சரி. என் அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களைக் கட்டிக் கொடுக்க அவரும் கடன்பட்டவர்தான். பிறந்த வீட்டுச் சீரான பொங்கல்படி இன்றுவரை தவறாமல் வருகிறது. பங்கு கேட்டால் அந்தப் படியோடு பிறந்த வீட்டு வாசலும் போய்விடுமே என்ற பயத்தில்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் பேசாமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தங்கை வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தது. கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனாள். "உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பீடி சுற்றுவாள் என்று சொல்லலாம். சிட்டாவில் காட்ட ஒரு சென்ட் கிடையாது.

பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் நடைமுறை இருக்கிறது. நல்ல காரியம். அதே அலுவலகத்தில், குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் கட்டணச் சலுகை உண்டு. காசு கொடுத்து வாங்கும் பெண்ணை ஊக்குவிக்கும் அரசு, பிறப்பிலேயே வந்த பங்கைப் பெண் விட்டுக்கொடுக்கும்போது கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டாமா?

கையெழுத்துக்கு முன் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, அவள் பங்கு எவ்வளவு, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பின்படி அது எத்தனை ரூபாய் என்று புரியும்படி சொல்லட்டும். வீட்டுக்குப் போய் யோசிக்கப் பதினைந்து நாள் கொடுக்கட்டும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. அந்தத் தகவலையாவது பத்திர அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். தெரிந்த பிறகும் மனமுவந்து கொடுப்பவள் கொடுக்கட்டும்; அது அவள் விருப்பம்.

எங்கள் கையெழுத்து முடிந்துபோன கதை. வருகிற தை மாதம் அண்ணன் மகளுக்குத் திருமணம். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். எந்தத் தாளையும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று போன வாரம் அவளிடம் சொன்னேன். அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.