கீரைக்கும் இருட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குள் எல்இடி விளக்கில் கீரை வளர்க்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுக்கில் லெட்டூஸ், தண்டுக்கீரை, ஸ்பினாச் எல்லாவற்றையும் கலந்து வைத்து, இரவும் பகலும் விளக்கை எரியவிடுகிறார்கள். இதனால் மின்சாரம் வீணாவதோடு கீரையும் கெடுகிறது.

லெட்டூஸுக்கு 16 மணி நேர வெளிச்சம் போதும். வெள்ளை எல்இடி என்றால் இலை மட்டத்தில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஏறக்குறைய 14,000 காட்ட வேண்டும். 18 மணி நேரம் எரித்தால் 12,500 போதுமானது. மீதி நேர இருட்டை வீண் என்று நினைக்க வேண்டாம். விளக்கு அணைந்ததும் இலையிலிருந்து நீர் ஆவியாவது குறையும். அப்போதுதான் வேரின் அழுத்தம் சுண்ணாம்புச் சத்தை உள்ளே மூடியிருக்கும் குருத்துவரை ஏற்றும். இருட்டே கிடைக்காவிட்டால் குருத்தின் ஓரம் கருகும். பலர் இதைப் பூஞ்சை என்று எண்ணி மருந்தடிக்கிறார்கள். சிலர் உரக் கரைசலைக் கெட்டியாக்குகிறார்கள். அது கருகலை இன்னும் கூட்டும். 8 மணி நேர இருட்டும், குருத்தின்மேல் நேராக வீசும் சின்ன மின்விசிறியும்தான் மருந்து.

தண்டுக்கீரையும் கங்கோங் எனும் வள்ளைக்கீரையும் பகல் குறைந்தால் பூப்பவை. அவற்றுக்கு 10 மணி நேரம் மட்டும் வெளிச்சம் கொடுத்தால் இலை பெருகுமுன்னே பூ வந்துவிடும். 16 மணி நேரம் கொடுத்தால் இலையாகவே தழைக்கும். ஸ்பினாச் இதற்கு நேர்மாறு. பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால் பூத்தண்டு எழும்பி இலை கசக்கும். அதற்கு 10 மணி நேரம் வைத்து, விளக்கைத் தாழ்த்தி ஒளியைக் கூட்டுங்கள். இருட்டு நேரத்தில் அறை விளக்கின் மங்கிய ஒளி விழுந்தால்கூட அதற்குப் பகல் நீண்ட கணக்குத்தான். ஆகவே ஸ்பினாச்சுக்குத் தனித் தட்டு, தனி டைமர், சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் திரை அவசியம். சாவி எனும் கடுகுக்கீரைக்கு 14 மணி நேரம் போதும், இளசிலேயே பறித்துவிடலாம்.

இருட்டை எப்போது வைப்பது? மலேசியாவில் 2025 ஜூலையில் வந்த மின்கட்டண முறையில், நேரத்துக்கேற்பக் கட்டணம் மாறும் நேரவாரித் திட்டத்தில் சேரும் வீடுகளுக்கு வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் உச்சக் கட்டணம். சரியாக 8 மணி நேரம்! இரவு 10க்கு எரியவிட்டு மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு அணைத்தால் 16 மணி நேரமும் மலிவு விலை மின்சாரம். தகரக் கூரை கொதிக்கும் பிற்பகலில் விளக்கின் சூடும் சேராது. எங்கள் சுங்கை சிப்புட் வெயிலில் லெட்டூஸுக்கு அது பெரிய ஆறுதல். 100 வாட் விளக்கை 24 மணி நேரத்திலிருந்து 16க்குக் குறைத்தாலே மாதம் 24 யூனிட் மிச்சம். அறுவடையை விளக்கு அணைவதற்குச் சற்று முன் வையுங்கள். இருட்டில் இலையில் சேரும் நைட்ரேட், வெளிச்சம் முடியும் நேரத்தில் குறைந்திருக்கும்.

டைமரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முள் சுழலும் டைமர், இடி மழையில் கரண்ட் போனால் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் போனால் இரண்டு மணி நேரம் பின்தங்கியே ஓடி, விளக்கு உச்சக் கட்டண நேரத்திலும் எரியும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். பல விளக்குகளை ஒரே சின்ன டைமரில் மாட்ட வேண்டாம். எல்இடி எரியத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தில் உள்ளிருக்கும் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும், பிறகு விளக்கு அணையவே அணையாது. நிறைய விளக்குகள் இருந்தால் எலக்ட்ரிஷியனைக் கொண்டு கான்டாக்டர் எனும் பெரிய மின்சுவிட்சைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கீரை வளர்ப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்