1983 பத்தாம் வகுப்பு முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நமக்குப் பாடம் சொன்ன ஆசிரியப் பெருமக்களே, அன்று 'அ' பிரிவு, 'ஆ' பிரிவு என்று தனித்தனி அறைகளில் இருந்து இன்று ஒரே பந்தலில் கூடியிருக்கும் தோழர்களே, தோழியரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு காலாண்டுக்கு ஒருமுறை தவறாமல் கூடியது. தீர்மானங்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ளன, விரும்புவோர் பார்க்கலாம். பள்ளிக்குச் செய்துவரும் உதவிகள் சென்ற ஆண்டைப் போலவே தொடர்ந்தன.

இந்த ஆண்டு நம்மைவிட்டுப் பிரிந்த தோழர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். அவர்களில் ஒருவர் நம் ஹாக்கி அணியின் கோல் கீப்பர். காலில் கட்டக் கவசம் இல்லாத காலத்தில், சணல் சாக்கை மடித்து முழங்காலில் கட்டிக்கொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர். அவருடைய மகன்கள் இருவரும் இன்று வந்திருக்கிறார்கள். அவர்களை வரவேற்கிறேன்.

இந்த ஆண்டு நாம் செய்த பெரிய வேலை ஒன்றுதான். பத்தாம் வகுப்பு முடியும்போது, 1983 மார்ச் மாதத்தில், நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட ஆட்டோகிராஃப் நோட்டுகளைத் தேடித் திரட்டினோம். சில டிரங்குப் பெட்டிகளில் கிடைத்தன, சில பரணில் கிடைத்தன. தோழியர் பலருடைய நோட்டுகள் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டன. வீடு இடித்துக் கட்டியபோது பழைய தாளோடு போனவையும் உண்டு. கிடைத்தவற்றை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, பெயர்வாரியாக அடுக்கியிருக்கிறோம். தொகுப்பின் முதல் படி மேசையில் இருக்கிறது.

ரோஸ், பச்சை, மஞ்சள் தாள்களில் எழுதியிருக்கிறோம். எல்லா முகவரிகளிலும் "திருநெல்வேலி மாவட்டம்" என்றே இருக்கிறது. நம் கோவில்பட்டி வட்டாரம் இன்று இருக்கும் தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபரில்தான் பிரிந்தது, அதற்குள் நாம் பள்ளியை விட்டுப் போய்விட்டோம். பெயர், முகவரி, பிடித்த நடிகர், பொழுதுபோக்கு, லட்சியம் என்ற வரிசை ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் ஒன்றுபோலவே வருகிறது.

லட்சியம் என்ற இடத்தில் டாக்டர், கலெக்டர், போலீஸ், மிலிட்டரி, டீச்சர் ஆகிய ஐந்துமே திரும்பத் திரும்ப வருகின்றன. நமக்குக் கற்பனை குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். கரிசல் காட்டு ஊர்களுக்குள் சட்டை மடிப்புக் கலையாமல் வந்துபோன உத்தியோகங்கள் அவ்வளவுதான். மழை பார்த்து விதைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, மழை பார்க்காமல் சம்பளம் வருகிற வேலை எதுவானாலும் லட்சியம்தான். இரண்டு பக்கங்கள் மட்டும் தனித்துத் தெரிந்தன. ஒன்றில் "கட்டபொம்மன் பஸ் டிரைவர்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அன்று நம் பக்கத்து அரசு பஸ்ஸின் பெயர் அது. அந்தத் தோழர் அதே வேலைக்குப் போனார், விபத்தில்லாமல் ஓட்டினார் என்று பாராட்டும் பெற்றார். இன்னொன்றில் "ராக்கெட் செய்வேன்" என்று இருக்கிறது. அவர் கோவில்பட்டியில் மோட்டார் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். சுற்றுப்பட்டியில் கோடையில் எந்தக் கிணற்று மோட்டார் நின்றாலும் அவர் கைதான் வேண்டும்.

ராக்கெட் ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 1980 ஜூலை 18ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் கிளம்பி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அதே மாதம் 29ஆம் தேதி மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4–3 என்று வென்று இந்தியா ஹாக்கித் தங்கம் வாங்கியது. 1964 டோக்கியோவுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. அணித்தலைவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அப்போது நாம் எட்டாம் வகுப்பு. ஒரே மாதத்தில் வகுப்பில் பாதிப் பேருக்கு வானத்தின் மேலும் மீதிப் பேருக்கு மைதானத்தின் மேலும் ஆசை வந்தது. அந்த ஜூலையில் வகுப்பில் எல்லோரும் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்புகிறேன்.

பொழுதுபோக்கு என்ற இடத்துக்கு வருகிறேன். செயற்குழு உறுப்பினர்களை இரவு வெகுநேரம் வரை உட்கார வைத்தது இந்தப் பகுதிதான். லட்சியத்தைப் படித்து ஆளை அடையாளம் சொல்ல முடியவில்லை. பொழுதுபோக்கைப் படித்ததும் பெயரை மறைத்துவைத்தாலும் யார் என்று சொல்லிவிட்டோம்.

தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்கள் முதல் இடம். நம் வட்டாரத்தில் அது இயல்பு. அன்றைய பெட்டிகள் மெல்லிய மரத்தகட்டில் செய்து, மேலே படம் ஒட்டியவை. படம் வேண்டுமானால் பெட்டியை நீரில் ஊறவைத்து, பசை இளகியதும் ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, நிழலில் காயவைத்து, புத்தகத்துக்குள் அழுத்திவைக்க வேண்டும். அவசரப்பட்டால் சிங்கத்தின் வால் பெட்டியோடு போய்விடும். ஒரே சிங்கம் வேறு வேறு கம்பெனியில் வேறு வேறு நிறத்தில் வரும். எழுத்தில் ஒரு புள்ளி மாறியிருந்தால்கூட அதைத் தனிப் படமாகக் கணக்கில் வைத்த கூர்மையான கண்கள் நம் வகுப்பில் இருந்தன. அட்டையிலேயே படம் அச்சாகத் தொடங்கிய பிறகு உரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. நம் தோழர் ஒருவர் மட்டும் தன் நான்கு நோட்டுப் புத்தகங்களையும் கரையான் தொடாமல் காத்திருக்கிறார். இன்று அவற்றைக் கொண்டுவந்திருக்கிறார். 2021 டிசம்பர் 1ஆம் தேதி, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனபோது, அந்த மாற்றத்தையும் ஒரு பெட்டி வாங்கி ஒட்டிவைத்திருக்கிறார். சிவகாசி அச்சுக்கலையின் ஒரு காலம் அந்த நோட்டுகளில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பள்ளி நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பேழையில் அவை இருக்க வேண்டும்.

அடுத்து வானொலி. "பொழுதுபோக்கு: இலங்கை வானொலி கேட்டல்" என்று எழுதாத பக்கம் குறைவு. கே.எஸ். ராஜாவின் வேகத்தில் பேசிக்காட்ட நம் வகுப்பில் ஒருவர் இருந்தார். பி.எச். அப்துல் ஹமீதின் குரலில் தெளிவாக உச்சரிக்கத் தோழி ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை பிற்பகல் இலக்கிய மன்றக் கூட்டத்தில் தொகுத்து வழங்கும் பொறுப்பு எப்போதும் அவருக்குத்தான். மைக் கிடையாது, கடைசி பெஞ்சு வரை கேட்கும். ழகரத்தை அவர் சொல்லக் கேட்டுத் திருத்திக்கொண்டவர்கள் நம்மில் பலர். இன்று அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார். இந்தக் கூட்டத்தைத் தொகுத்து வழங்குவதும் அவரே.

ஹாக்கியைப் பற்றிச் சொல்லாமல் கோவில்பட்டி வட்டாரத்தில் எந்த ஆண்டறிக்கையும் முடியாது. முதலில் கருவேலங்கம்பை வளைவு பார்த்து வெட்டி ஆடினோம். பிறகு அண்ணன்மார் ஆடித் தேய்த்த மட்டைகள் வந்தன. 1982 டிசம்பர் 1ஆம் தேதி டெல்லி ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 1–7 என்று இந்தியா தோற்றது. அன்று மாலை நம் மைதானத்தில் யாரும் மட்டை தொடவில்லை. மறுநாள் விடியலிலேயே எல்லோரும் இறங்கி ஆடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடி, வெண்கலத்தோடு திரும்பியபோது, நம் அணியின் பழைய சென்டர் ஃபார்வர்டு கண்ணீர் விட்டு அழுதார். கருவேலங்கம்பில் தொடங்கிய ஊருக்கு அது கிடைத்ததே என்று அவர் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தத் தோல்விக்குப் பத்து நாள் கழித்து பாரதி நூற்றாண்டு வந்தது. 1982 டிசம்பர் 11, சனிக்கிழமை. எட்டயபுரம் நமக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரம். தமிழையா முன்னால் போக, இரண்டு பேருக்கு ஒரு சைக்கிள் என்று போனோம். பாரதி பிறந்த வீட்டையும், 1947இல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் நம் கையெழுத்துப் பத்திரிகை தொடங்கியது. அழகாக எழுதும் மூன்று பேர் நகல் எடுப்பார்கள், ஒருவர் படம் வரைவார், தலையங்கம் மாணவர் தலைவருடையது. ஒரே படி வகுப்பு முழுக்கச் சுற்றிவரும். வாசித்தவர் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். பத்திரிகையின் இரண்டு இதழ்கள் நம் கணித ஆசிரியர் வீட்டில் கிடைத்தன. அய்யா அவற்றை இத்தனை ஆண்டு பத்திரப்படுத்தியிருக்கிறார். சங்கத்தின் சார்பில் அவருடைய கைகளைப் பற்றி நன்றி சொல்கிறேன்.

சாரணர் படை, இளம் செஞ்சிலுவைச் சங்கம், அறிவியல் மன்றம் ஆகியவற்றின் நினைவுகள் தொகுப்பில் தனித்தனியே உள்ளன. கோலம் நோட்டு, பாட்டுப் புத்தகம், தபால்தலை பற்றியும் தோழர் தோழியர் எழுதியிருக்கிறார்கள். அங்கே வாசித்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த 1980 ஜூலைக்குத் திரும்புகிறேன். எட்டாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலையும் ஆட்டோகிராஃப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பல பெயர்களுக்குப் பக்கமே இல்லை. பெரும்பாலும் தோழியர். சிலர் வயதுக்கு வந்ததும் நின்றார்கள், சிலர் தம்பி தங்கையைப் பார்க்க நின்றார்கள். பலர் தீப்பெட்டி ஆபீசுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போனார்கள். விடியும் முன்பே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து நிற்கும். நாம் எழுந்து பல் துலக்கும்போது அவர்கள் கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்க, உட்கார்ந்திருப்பார்கள். கட்டைக் கணக்குக்குத்தான் கூலி. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986இல். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 1984இல்தான் விரிந்தது. மதியச் சோறு இரண்டு மூன்று ஆண்டு முன்னால் வந்திருந்தால் நம் வகுப்பில் இன்னும் சில பெஞ்சுகள் நிறைந்திருக்கும். நாம் ஆசையாக உரித்த படங்கள் ஒட்டப்பட்டது அவர்கள் கைகளால்தான். இதைச் சொல்லாமல் தீப்பெட்டிப் படம் சேர்த்த பெருமையை மட்டும் தொகுப்பில் போடச் செயற்குழுவுக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவர்களையும் தேடிப் போனோம். முதலில் பார்த்த தோழி, "நான் எட்டாப்போட கட்டை அடுக்கப் போனவ. எம் பேரு எதுலயும் இருக்காதே, என்னைய எதுக்குத் தேடி வந்திருக்கீக?" என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்த பிறகு, "அந்த டெனிகாய்ட் கோர்ட்டு இன்னும் கெடக்கா?" என்றார். வட்டார விளையாட்டுப் போட்டியில் நம் பள்ளிக்காக, வலைக்கு மேல் வளையம் வீசிப் பிடிக்கும் டெனிகாய்ட் ஆடியவர் அவர். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பள்ளி அவருக்குக் கொடுத்த ஒரே தாள் அது. லட்சியம் என்ன என்று கேட்டோம். அவரிடம் அதுவரை யாருமே அதைக் கேட்டதில்லை. "டிரில் டீச்சராகணும்னு இருந்துச்சு" என்றார். அவர் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுதிக்கொடுத்தாள், அவர் கையெழுத்திட்டார். தொகுப்பில் அவருடைய பக்கம் மற்ற எல்லாப் பக்கங்களையும் போலவே, அதே வரிசையில் இருக்கிறது. இப்படி எழுதிச் சேர்த்த பக்கங்கள் இன்னும் பல உண்டு.

இதை ஒட்டி ஒரு விதித் திருத்தத்தைச் செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. இப்போதுள்ள விதிப்படி பத்தாம் வகுப்புப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களே உறுப்பினர். இனி, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எந்த ஆண்டிலாவது நம்மோடு ஒரே வகுப்பில் படித்த எவரும் முழு உறுப்பினர் ஆவார். சந்தாவிலும், வாக்குரிமையிலும், பொறுப்புகளுக்குப் போட்டியிடுவதிலும் வேறுபாடு இல்லை. "சங்கத்தின் பெயரில் பத்தாம் வகுப்பு என்று இருக்கிறதே" என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். பெயரையும் மாற்றலாம். அதைப் பொதுக்குழுவின் முடிவுக்கே விடுகிறேன்.

வரும் ஆண்டில் மூன்று வேலைகள். தொகுப்பை மலராக அச்சிட்டு எல்லா உறுப்பினர்களுக்கும் பள்ளி நூலகத்துக்கும் தருவது. பெண்கள் அணிக்கு டெனிகாய்ட் வளையங்களும் வலையும், இளையோர் அணிக்கு ஹாக்கி மட்டைகளும் வாங்கித் தருவது. வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றம் மறுபடியும் வாரந்தோறும் நடக்கத் தலைமையாசிரியரோடு பேசுவது. இதற்குத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார். அரசுப் பணியில் உள்ள நம்மில் பலர் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறுகிறோம், அப்போது மன்றத்துக்கு வந்து உதவ நேரம் இருக்கும்.

நோட்டுகளைத் தந்தவர்களுக்கும், வெயிலில் ஊர் ஊராகப் போய்த் தோழியரைத் தேடிய குழுவினருக்கும், பந்தலும் கடலைமிட்டாயும் தந்த தோழர்களுக்கும் நன்றி. மலரில் இன்னும் பக்கம் எழுதாதவர்கள் வாசல் மேசையில் உள்ள படிவத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். பொழுதுபோக்கு, லட்சியம் இரண்டையும் அன்றிருந்தபடியே எழுதுங்கள்.

இந்த அறிக்கையை ஏற்று, விதித் திருத்தத்துக்கு ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்